பரோட்டாவை விட்டாச்சு, பாலை விட்டாச்சு... வயிறு மட்டும் விடலையே!

ஹாஸ்டல் மெஸ்ல ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. எல்லார் தட்டுலயும் பரோட்டா, சால்னா. உங்க தட்டுல மட்டும் வெள்ளைச் சோறும் வேக வச்ச கேரட்டும். "என்னப்பா, ஆஸ்பத்திரி பெட்ல இருந்து நேரா மெஸ்ஸுக்கு வர்றியா?"னு எதிர் பெஞ்ச் கலாய்க்குது. சிரிச்சுச் சமாளிக்கிறீங்க. இன்னிக்கு 29-வது நாள். பால் கிடையாது, கோதுமை கிடையாது, பருப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது. டீக்கடைப் பக்கமே தலை வச்சுப் படுக்கலை.

அத்தனையும் எதுக்காக? சாப்பிட்ட அரை மணி நேரத்துல பலூன் மாதிரி ஊதுற வயித்துக்காக. முதல் ஹவர் பாதியிலயே 'சார், ஒரு நிமிஷம்'னு ஓட வைக்கிற அந்தப் பாழாய்ப்போன வயித்துக்காக.

30-வது நாள் காலையில எழுந்திரிக்கிறீங்க. அதே உப்புசம். அதே ஓட்டம்.

'சீ, இவ்வளவுதானா?'னு தோணுதா? தோணத்தான் செய்யும். ஊர்ல இருந்து அம்மா கட்டிக் கொடுத்த பால்கோவாவை ரூம்மேட்டுங்க உங்க கண்ணு முன்னாடியே காலி பண்ணப்போ, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உட்கார்ந்திருந்தது நீங்கதானே? கோபம் நியாயம்தான் பாஸ். ஆனா அந்தக் கோபத்துல 'இன்னும் நாலு அயிட்டத்தை நிறுத்திப் பார்ப்போம்'னு கிளம்புறதுக்கு முன்னாடி, ஒரு பத்து நிமிஷம் இப்படி உட்காருங்க.

சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கா?

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப். (காமர்ஸ் குரூப் மக்கள் பக்கத்து ரூம் சயின்ஸ் பார்ட்டியைக் கேட்டுக்கோங்க.) உப்புக் கரைசல்ல நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் சேர்ப்போம். தயிர் மாதிரி வெள்ளையா வீழ்படிவு வந்தா குளோரைடு இருக்கு. வரலைன்னா?

அழுதீங்களா? டெஸ்ட் டியூபைப் போட்டு உடைச்சீங்களா? இல்லையே! 'குளோரைடு இல்லை'னு ரெக்கார்டுல எழுதிட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போனீங்க. அந்த 'இல்லை'க்கும் மார்க் உண்டு.

எலிமினேஷன் டயட்டும் அச்சு அசல் இதேதான். சந்தேகப்படுற சாப்பாட்டை எல்லாம் கொஞ்ச நாள் நிறுத்தணும். தொந்தரவு குறையுதான்னு பார்க்கணும். குறைஞ்சா ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்து, குற்றவாளி யாருன்னு பிடிக்கணும். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் ஆல்பர்ட் ரோவ் 1926-ல இதை எடுத்துச் சொன்னது, உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்கத்தான். அதாவது இது ஒரு டெஸ்ட். மருந்து இல்லை.

இங்கதான் நம்ம ஏமாற்றத்தோட வேர் இருக்கு. நாம அதை மருந்துன்னு நம்பி ஆரம்பிச்சோம். மருந்து பலிக்கலைன்னா தோல்வி. டெஸ்ட்டுல 'இல்லை'னு வந்தா அது தோல்வி இல்லை, பதில்!

ஆனா ஒண்ணு, டெஸ்ட்டை ஒழுங்காப் பண்ணியிருக்கணும். பண்ணோமா?

மெஸ் அண்ணனுக்கே தெரியாத ரகசியம்

'நான் ஒரு மாசமா கோதுமையே தொடலை'னு சத்தியம் பண்றீங்க. சரி, ரசம் சாப்பிட்டீங்களா? ரசத்துல பெருங்காயம் உண்டுதானே? கடையில நாம வாங்குற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்துதான் வரும். டப்பாவைத் திருப்பிப் படிச்சா அதுலயே போட்டிருக்கும். காலையில ரவா உப்புமா? ரவையும் கோதுமைதான். சேமியா? அதுவும் அதே ஜாதிதான்.

பால் விஷயமும் இப்படித்தான். பால் குடிக்கலை, ஓகே. கேன்டீன்ல கடிச்ச பிஸ்கட்டுல பால் பவுடர் இருந்ததா? சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்னீங்களா? அதுல இருக்கிற சார்பிடால் மாதிரி இனிப்புகளே சிலருக்கு வயித்தை ஊத வைக்கும்.

ஆனா இதைப் படிச்சுட்டு 'அய்யய்யோ, நான் ஒரு சிட்டிகை பெருங்காயத்தாலதான் கெட்டேன்'னு கிளம்பிடாதீங்க. சீலியாக் நோய் மாதிரி கோதுமையே ஆகாத நோயா இருந்தா துளியும் கணக்குல வரும். சாதாரண வயித்து உப்புசத்துக்கு அளவுதான் முக்கியம். ஒரு பொட்டு பெருங்காயமும் நாலு பரோட்டாவும் ஒண்ணு இல்லை.

இன்னொரு கேள்வி. டயட் இருந்த அந்த மாசத்துல வேற என்னெல்லாம் மாறுச்சு? செமஸ்டர் வந்துச்சா? ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சீங்களா? காலை டிபனை விட்டுட்டு ஃபில்டர் காபிக்குப் பதிலா மூணு கட்டங்காபி அடிச்சீங்களா? ஒரே நேரத்துல நாலு கரைசலை ஒரே டியூப்ல ஊத்தினா எந்த உப்புன்னு எப்படிங்க சொல்றது?

பிடிச்ச ஆளே வேற ஆளா இருந்தா?

இது இன்னும் சுவாரஸ்யம். ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு, குடல் எரிச்சல் நோய் இருக்கிற 34 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2011-ல வெளியிட்டாங்க. கோதுமையில இருக்கிற குளூட்டன்கிற புரதம்தான் வயித்தைக் கெடுக்குதுன்னு அதுல தெரிஞ்சுது.

அதே குழு விடலை. 2013-ல 37 பேரோட இன்னொரு ஆய்வு வந்துச்சு. எல்லாருமே 'கோதுமையை விட்டதும் எனக்கு நல்லா இருக்கு'னு சொன்னவங்க. முதல் ரெண்டு வாரம், குடல்ல நொதிச்சு வாயு உண்டாக்குற சில சர்க்கரை வகைகளைச் சாப்பாட்டுல குறைச்சாங்க. எல்லாருக்கும் வயிறு தேவலை. அப்புறம் எது எதுன்னு சொல்லாம, ஒரு வாரம் நிறைய குளூட்டன், ஒரு வாரம் கொஞ்சம் குளூட்டன், ஒரு வாரம் குளூட்டனே இல்லாத சாப்பாடு. என்ன ஆச்சு தெரியுமா? மூணு வாரத்துலயும் தொந்தரவு கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏறுச்சு! குளூட்டனால மட்டுமே பாதிப்புன்னு சொல்லக்கூடியவங்க நூத்துக்கு எட்டு பேர்தான்.

அப்போ குற்றவாளி யாரு? 2018-ல நார்வேக்காரங்க 59 பேரை வச்சுப் பார்த்தாங்க. குளூட்டனை விட ஃப்ரக்டான்கிற சர்க்கரை வகைதான் அதிகம் தொந்தரவு பண்ணுச்சு. ஃப்ரக்டான் கோதுமையிலயும் இருக்கு. வெங்காயத்துலயும் பூண்டுலயும் இருக்கு. அதாவது, சப்பாத்தியை நிறுத்திட்டு பூண்டுக் குழம்பா ஊத்திச் சாப்பிட்டவருக்கு எப்படிங்க குறையும்?

இதுல ஒளிஞ்சிருக்கிற இன்னொரு பாடத்தையும் கவனிச்சீங்களா? குளூட்டன் இல்லாத வாரத்துலயும் வயிறு கெட்டுச்சு. 'இப்போ ஏதோ கொடுக்கப் போறாங்க, வயிறு கெடப் போகுது'ங்கிற எதிர்பார்ப்பே வயித்தைப் பிசையும். இது நடிப்பு இல்லை. பரீட்சை ஹாலுக்குள்ள நுழையும்போது வயிறு கலக்குமே, அது நடிப்பா? மூளைக்கும் குடலுக்கும் நேர் லைன் போகுது. வலி நிஜம். காரணம்தான் தட்டுல இல்லாம இருக்கலாம்.

சரி, இப்போ என்ன செய்யணும்?

ஒண்ணு: டயட்டை நிறுத்துங்க. ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. இந்த மாதிரி டயட்டுக்கு வழக்கமா சொல்ற காலம் ரெண்டுல இருந்து ஆறு வாரம்தான். அதுக்குள்ள ஒரு முன்னேற்றமும் இல்லைன்னா நீட்டிக்கிறதுல அர்த்தம் இல்லை. பழையபடி சாப்பிட ஆரம்பிங்க. ரெக்கார்டுல 'இல்லை'னு எழுதிட்டோம், அவ்வளவுதான்.

ரெண்டு: 'முழுசா குறையலை, பாதி குறைஞ்ச மாதிரி இருக்கு'ன்னா ஒவ்வொண்ணா திரும்பச் சேருங்க. இந்தப் பாதியைத்தான் நம்மாளுங்க அம்போன்னு விட்டுடுறாங்க. பால்னா முதல் நாள் கால் டம்ளர், அடுத்த நாள் அரை, மூணாம் நாள் ஒரு டம்ளர். மத்ததெல்லாம் மாறக் கூடாது. நோட்டுல எழுதுங்க. ரெண்டு மூணு நாள் இடைவெளி விட்டு அடுத்த அயிட்டம். பால் சர்க்கரை செரிக்காதவங்கள்லயும் பல பேருக்கு ஒரு டம்ளர் பால் வரைக்கும் பெரிசா பிரச்னை பண்ணாது. தயிர் இன்னும் சுலபமா ஒத்துக்கும். ஆக, பால்னாலே வாழ்நாள் தடைன்னு நீங்களே தீர்ப்பு எழுதிக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை: ஏதாவது சாப்பிட்ட உடனே தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல்னு எப்பவாவது வந்திருந்தா இந்த விளையாட்டே கூடாது. அது அலர்ஜி. டாக்டர் முன்னாடிதான் எதுவும்.

மூணு: டாக்டரைப் பாருங்க. மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையுறது, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்துல எழுப்பி விடுற அளவுக்கு வலி அல்லது வயித்துப்போக்கு... இதுல ஒண்ணு இருந்தாக்கூட 'இன்னும் ஒரு டயட் பார்க்கலாம்'னு தள்ளிப் போடாதீங்க. இன்னொரு முக்கியமான விஷயம், சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் எடுக்கணும். நிறுத்தினதுக்கு அப்புறம் எடுத்தா, நோய் இருந்தும் இல்லைன்னு வரலாம். வட இந்தியாவை விட நம்ம பக்கம் இந்த நோய் ரொம்பக் குறைவுதான். இல்லவே இல்லைன்னு சொல்லிட முடியாது. அதனால, எத்தனை நாளா கோதுமையை விட்டிருக்கீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

நாலு: பர்ஸைக் காப்பாத்துங்க. 'ஒரே ரத்தப் பரிசோதனை, உங்களுக்கு ஆகாத சாப்பாடு மொத்தமும் லிஸ்ட்டா வரும்'னு விக்கிற ஐஜிஜி டெஸ்ட்டுகள் இருக்கு. அந்த டெஸ்ட் சொல்றது பெரும்பாலும் நீங்க எதைச் சாப்பிட்டிருக்கீங்கங்கிறதைத்தான். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதை நம்பாதீங்கன்னு ஐரோப்பா, அமெரிக்கா அலர்ஜி மருத்துவர் சங்கங்களே சொல்லியிருக்கு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல டயட்டீஷியனைப் பார்க்கலாம்.

தட்டு சுருங்கிட்டே போனா...

நிஜமான ஆபத்து எங்க தெரியுமா? ஏமாந்த அந்த 30-வது நாள்ல.

'பால் இல்லை, கோதுமை இல்லை... அப்போ தக்காளியா இருக்குமோ? முட்டையா இருக்குமோ? சரி, அதையும் விட்டுடுவோம்.' இப்படியே ஒவ்வொண்ணா போய், கடைசியில அஞ்சே அயிட்டத்துல வந்து நிக்கும். கால்சியம் குறையும், புரதம் குறையும், எடை இறங்கும். அதுவாவது வெளியில தெரியும். தெரியாம குறையுறது வேற ஒண்ணு. ஃப்ரெண்டு பர்த்டே ட்ரீட்டுக்கு 'எனக்கு அசைன்மென்ட் இருக்கு'னு பொய். ஐ.வி. போற பஸ்ல 'எங்க நிறுத்துவாங்களோ'னு பயம். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனா, அம்மா இலையைப் போட்டுட்டு 'இதைச் சாப்பிடலாமா கண்ணு, ஆகாதா?'னு தயங்கித் தயங்கிக் கேட்கிற அந்த முகம். சாப்பாட்டைப் பார்த்தாலே சந்தேகமும் பயமும் வர ஆரம்பிச்சா, அது வயித்துப் பிரச்னையை விடப் பெருசு. கூச்சப்படாம டாக்டர்கிட்டயோ காலேஜ் கவுன்சலர்கிட்டயோ பேசிடுங்க.

இப்போ அந்த 30 நாளை வேற கண்ணால பாருங்க. நீங்க தோத்தீங்களா? பால் மேல இருந்த சந்தேகம் தீர்ந்துச்சு. பருப்பு மேல இருந்த பழி போச்சு. ஒரு மாசம் கட்டுப்பாடா இருக்க முடியும்னு உங்களுக்கே தெரிஞ்சுது. டாக்டர் எதிர்ல உட்கார்ந்து, 'சார், இதெல்லாம் நிறுத்திப் பார்த்துட்டேன், இதனால இல்லை'னு நோட்டைத் திறந்து காட்டப் போறீங்க. ஒரு டாக்டருக்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா?

வயித்துக்குப் பதில் இன்னும் கிடைக்கலைதான். தேடுவோம். தூக்கத்துல தேடுவோம், டென்ஷன்ல தேடுவோம், டாக்டர் சொல்ற டெஸ்ட்ல தேடுவோம். ஆனா குற்றம் நிரூபிக்கப்படாதவங்களை எதுக்குங்க இன்னும் ஜெயில்ல வச்சிருக்கணும்?

அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. "பால்கோவா திரும்பச் செஞ்சு அனுப்பும்மா"னு சொல்லுங்க.

இந்த வாட்டி ரூம்மேட்டுங்க கண்ணுல காட்டாதீங்க!