சாவி மாறாத பூட்டு

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வருவது தமிழகத்தின் நெடுநாள் வழக்கம். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு, அலமாரிப் பூட்டு எனப் பல வகையாக இந்நகரிலும் இதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் கையால் ஆக்கப்படும் இப்பூட்டுகளுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் வலிமை அதன் வயிற்றுக்குள் அடுக்கப்பட்ட நெம்புகோல் தகடுகளில் இருக்கிறது. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தேய்ந்துபோன தகடுகளை அகற்றிவிட்டு, அதே கூட்டுக்குள் புதிய உள்ளமைவைப் பொருத்த முனையும் கைவினைஞருக்கு இரு கட்டுப்பாடுகள் உண்டு. உரியவர் கையிலுள்ள சாவி இனியும் திறக்க வேண்டும். முன்பு திறவாத சாவி இனியும் திறவாதிருக்க வேண்டும். உள்ளமைவு எவ்வளவு அழகாக அமைந்தாலும் இவ்விரண்டில் ஒன்று தவறினால் வேலை வீண்.

உலகெங்கும் மென்பொருளாளர் நாள்தோறும் பயன்படுத்தும் 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இத்தகைய உள்ளமைவு மாற்றம் நடந்து வருகிறது. வெளியே கட்டளையின் பெயர் மாறவில்லை. உள்ளே அதை இயக்கும் நிரல் முற்றிலும் வேறாகிவிட்டது. அம்மாற்றத்தைச் சீராய்வோர் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கத் தவறினால் என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பலர் சேர்ந்து எழுதும் நிரலில் யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார் என்பதைப் பதிந்து வைப்பதும், வேண்டும்போது பழைய நிலைக்கு மீள்வதும், தனித்தனிக் கிளைகளில் வளர்ந்த வேலையை ஒன்றிணைப்பதும் பதிப்புக் கட்டுப்பாட்டின் பணிகள். லினக்ஸ் கருவகத்தை உருவாக்கியோர் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் மென்பொருளின் கட்டணமற்ற உரிமம் 2005இல் திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். சில நாள்களிலேயே கிட் தன் நிரலைத் தானே பதிந்து காக்கும் நிலையை எட்டியது. ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவின் கைக்கு வந்தது.

தொடக்கக் காலக் கிட் இரண்டு அடுக்குகளால் ஆனது. கோப்புகளை அமுக்கிச் சேமித்தல், அவற்றுக்கு அடையாள எண் கணித்தல் போன்ற அடித்தளப் பணிகளைச் சி மொழியில் எழுதிய சிறு நிரல்கள் செய்தன. பயனர் நேரடியாகக் கையாளும் கட்டளைகளோ, அச்சிறு நிரல்களை வரிசையாக ஏவும் ஷெல் கட்டளைக்கோவைகளாக இருந்தன. அன்றைய நிலையில் அது நல்ல தேர்வு. கட்டளைக்கோவையை எழுதுவதும் திருத்துவதும் எளிது. எது நிலைக்கும் எது நிலைக்காது என்று தெரியாத புதுப்படைப்புக்கு அந்நெகிழ்ச்சி இன்றியமையாதது.

பயன்பாடு பெருகியபோதுதான் அதன் விலை தெரிந்தது. கட்டளைக்கோவை ஓர் எழுத்துச்சரத்தை வெட்டவும், ஒரு சொல்லைத் தேடவும், பெரும்பாலும் தனி நிரலொன்றைத் துணைக்கு அழைக்கிறது. அவ்வாறு அழைக்கும்போதெல்லாம் இயங்குதளம் புதிய செயல்முறை ஒன்றை உருவாக்கி, முடிந்ததும் அழிக்க வேண்டும். லினக்ஸில் இச்செலவு சிறிது. விண்டோஸ் இயங்குதளமோ யூனிக்ஸ் முறையில் ஒரு செயல்முறையிலிருந்து இன்னொன்றைப் பிரித்தெடுப்பதை இயல்பாகச் செய்வதில்லை. யூனிக்ஸ் சூழலைப் போலச்செய்யும் இடையடுக்கு ஒன்றின் வழியாகவே கட்டளைக்கோவை அங்கு இயங்குகிறது. எனவே செலவு பன்மடங்காகும். பதிவுகளை வரிசை மாற்றி அடுக்கும் ஊடாட்ட ரீபேஸ் கட்டளையின் உட்பகுதி சி மொழிக்கு மாற்றப்பட்டபோது செய்த அளவீட்டில், விண்டோஸில் ஏறத்தாழ ஐந்து மடங்கும், மேக் கணினியில் நான்கு மடங்கும், லினக்ஸில் மூன்று மடங்கும் விரைவு கூடியது. விரைவுக்கு அப்பால் இன்னொரு காரணமும் உண்டு. இடைவெளியோ வரிமுறிவோ கலந்த கோப்புப்பெயர் வந்தால், மேற்கோள்குறி ஒன்று விடுபட்ட கட்டளைக்கோவை அப்பெயரை இரண்டாகப் பிளந்துவிடும். பயனர் தந்த சொல்லையே கட்டளையாக எண்ணி இயக்கிவிடும் பேரிடரும் அங்கு ஒளிந்திருக்கிறது.

எனவே ஒவ்வொன்றாக மாற்றம் தொடங்கியது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கமிட் கட்டளை 2008இல் வெளியான 1.5.4 பதிப்பில் சி மொழி வடிவம் பெற்றது. பிறர் வேலையை இழுத்து இணைக்கும் புல் கட்டளை 2015இலும், ரீபேஸ் 2018 டிசம்பரில் வந்த 2.20 பதிப்பிலும், அரைகுறை வேலையை ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் 2019இல் வந்த 2.22 பதிப்பிலும் மாறின. பிழை புகுந்த இடத்தைத் தேடும் பைசெக்ட் கட்டளையின் கட்டளைக்கோவை 2023இல் வந்த 2.40 பதிப்பில்தான் முழுமையாக விடைபெற்றது. அதைப் படிப்படியாக மாற்றும் பணியை 2016ஆம் ஆண்டின் கூகுள் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் இந்திய மாணவர் ஒருவர் கையிலெடுத்தார். அவருக்குப் பின் வேறு பலரின் கைகளைக் கடந்து அது முடிய ஏழாண்டுகள் ஆயின.

ஒரே ஒரு கட்டளைக்கு ஏன் அவ்வளவு காலம்? பைசெக்ட் செய்யும் வேலை கேட்பதற்கு எளியது. ஆயிரம் பதிவுகளில் ஏதோ ஒன்றில் பிழை நுழைந்திருந்தால் நடுவிலுள்ளதைச் சோதித்து, நல்லதா கெட்டதா என அறிந்து, ஒரு பாதியைக் கழித்துவிடும். ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் குற்றவாளிப் பதிவு அகப்படும். இச்சோதனையைத் தானே நடத்துமாறு ஒரு நிரலை அதனிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். அப்போது அந்நிரல் திருப்பித்தரும் முடிவுக் குறியெண்ணே தீர்ப்பு. 0 என்றால் நல்லது. 1 முதல் 127 வரை கெட்டது. அவற்றுள் 125 மட்டும் 'சோதிக்க இயலவில்லை, தாண்டிச் செல்க' எனப் பொருள்படும். 127ஐத் தாண்டினால் தேடலே நின்றுவிடும். உலகெங்கும் எண்ணற்றோர் எழுதி வைத்துள்ள சோதனை நிரல்கள் இவ்வெண்களை நம்பி நிற்கின்றன.

இங்கேதான் சீராய்வாளரின் முதற்கடமை தொடங்குகிறது. சி மொழிச் செயற்கூறு பிழையைத் தெரிவிக்க எதிர்மம் 1ஐத் திருப்பித்தருவது வழக்கம். அதை அப்படியே வெளியே விட்டால் இயங்குதளம் அதை 255 என்று படிக்கும். சோதனை நிரல் தன் தீர்ப்பாக அப்படியே கையளிக்கும் ஒரு கிட் கட்டளையில், முன்பு 1 வந்த இடத்தில் 255 வந்தால் 'கெட்டது' என்ற தீர்ப்பு 'நிறுத்து' என்ற ஆணையாகிவிடுகிறது. புதிய நிரலை மட்டும் படிப்பவர்க்கு அதில் ஒரு குறையும் தென்படாது. பழைய கட்டளைக்கோவை என்ன எண்ணைத் தந்தது என்று தேடியவர்க்கே அது தெரியும். மாற்றியெழுதிய நிரலைச் சீராய்வது என்பது, எழுதப்பட்டதைப் படிப்பதைவிட, முன்னது சொல்லாமலே செய்துவந்தவற்றைப் படிப்பதாகும்.

அந்தப் படிப்பு எவ்வளவு கடினம் என்பதற்குப் பைசெக்டின் வரலாற்றிலேயே சான்று உண்டு. சோதனை நிரலை ஏவும் பகுதி சி மொழிக்கு மாறியபின், பயனர் தம் சோதனை நிரலுக்கென எழுதிய 'லாக்' என்ற விருப்பக்குறியை, எஞ்சிய கோவை துணைக்கு அழைக்கும் சி நிரலான பைசெக்டின் உள்துணைக் கருவி தனக்குரியதாக எடுத்துக்கொண்டது. தன் துணைக்கட்டளை எதுவெனக் கண்டறிந்த பின்னும் அக்கருவி விருப்பக்குறிகளைத் தேடிக்கொண்டே சென்றதுதான் காரணம். பழைய கட்டளைக்கோவை துணைக்கட்டளையை அறிந்தவுடன் மீதியைத் தொடாமல் அப்படியே ஒப்படைத்தது. துணைக்கட்டளையோடு நிறுத்திக்கொள்ளும் வேறு பகுப்பு முறையைக் கையாண்டு இது பின்னரே சரிசெய்யப்பட்டது. அத்தகைய விருப்பக்குறியோடு ஒரு சோதனையும் அதுவரை எழுதப்படாததால், சோதனைத் தொகுப்பு முழுவதும் வெற்றி என்றே அறிவித்திருந்தது.

கட்டளைக்கோவை இலவயமாக வழங்கிய பாதுகாப்புகள் வேறும் உண்டு. அங்கே துணைநிரல் ஒன்று பிழைபட்டு மடிந்தால் அது தனிச் செயல்முறை. தாய்க் கோவை அதன் குறியெண்ணைப் பார்த்து மாற்றுவழி தேடும். அதே பணியைச் சி மொழியில் ஒரு செயற்கூறாக அழைத்தால் நிலை வேறு. கிட்டில் 'டை' என்னும் செயற்கூறு பிழைச்செய்தியை எழுதிவிட்டு 128 என்ற குறியெண்ணோடு முழு நிரலையும் முடித்துவிடும். மாற்றுவழிக்கு வாய்ப்பே இராது. பாதியில் விட்ட தற்காலிகக் கோப்புகளும் கிடந்தபடி கிடக்கலாம். சூழல் மாறிகளும் அப்படியே. தனிச் செயல்முறையாக ஓடும் உட்கோவைக்குள் அமைத்த மாறி அதனோடு மறையும். சி நிரலில் அமைத்த மாறியோ இறுதிவரை நின்று பின்வரும் எல்லாப் பணிகளையும் பாதிக்கும்.

நினைவகம் இன்னொரு கண்ணி. அடுத்த பதிவுக்குரிய கோப்புகளின் பட்டியலைக் கிட் ஒரு சுட்டுக்கோப்பில் வைத்திருக்கிறது. கட்டளைக்கோவை ஏவிய ஒவ்வொரு நிரலும் அக்கோப்பை வட்டிலிருந்து புதிதாகப் படித்தது. சி நிரல் அதை ஒருமுறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இடையே வேறொரு நிரலை ஏவி அது வட்டிலுள்ள கோப்பை மாற்றிவிட்டால், நினைவகத்திலிருப்பது காலாவதியான படி. அதைத் துறந்து மீண்டும் படிக்காமல் வட்டில் எழுதினால் மற்றது செய்த மாற்றம் அழியும். இதைத் தடுக்கவே சுட்டுக்கோப்பை எழுதுமுன் ஒரு பூட்டுக்கோப்பு உருவாக்கப்படுகிறது. ஆனால் அப்பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அதே பூட்டு தேவைப்படும் இன்னொரு நிரலை ஏவினால் அந்நிரல் தோல்வியுற்றுத் திரும்பும். ஆகவே எங்கே பூட்டினார், எங்கே விடுவித்தார், இடையில் யாரை அழைத்தார் என்பதைச் சீராய்வாளர் விரல்வைத்துப் பின்தொடர வேண்டும்.

சி மொழியின் சொந்தக் குறைகளை இவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கேட்டுப் பெற்ற நினைவகத்தைத் திருப்பிக் கொடாத கசிவு, விடுவித்த இடத்தை மீண்டும் தொடுதல், எழுத்துச்சரத்தின் எல்லை மீறல் ஆகியவை கட்டளைக்கோவை அறியாத நோய்கள். தானே வளரும் எழுத்துச்சர அமைப்பு, விருப்பக்குறிப் பகுப்பான் போன்ற பொதுக்கருவிகளைக் கிட் தனக்கெனக் கட்டி வைத்திருக்கிறது. ஒருவர் அவற்றை விடுத்துத் தாமே புதிதாக ஒன்றைச் செய்திருந்தால் சீராய்வாளர் காரணம் கேட்பார்.

இவ்வளவு கண்ணிகளையும் ஒரே பார்வையில் காண எவராலும் இயலாது. எனவே மாற்றத்தைச் சிறு துண்டுகளாக்குவது இத்துறையின் நடைமுறை. முதலில் பழைய கோவையின் நடத்தையைப் பிடித்துவைக்கும் சோதனைகள் எழுதப்படும். பிறகு கோவையின் ஒரு செயற்கூறு மட்டும் சி மொழிக்கு மாறி, எஞ்சிய கோவை அதை ஓர் உள்துணைக் கருவியாக அழைக்கும். செயற்கூறுகள் எல்லாம் மாறியபின் கோவை நீக்கப்படும். மாற்றத்தோடு மேம்பாட்டைக் கலக்காதிருப்பதும் முதன்மையானது. சோதனை நிரலின் பெயரைப் பயனர் பிழையாக எழுதினால் 'கட்டளை இல்லை' என்னும் 127 வந்து, எல்லாப் பதிவுகளும் கெட்டவை என்று பைசெக்ட் கொள்வது பழைய குறை. முதற்சோதனையில் 126 அல்லது 127 வந்தால், நல்லதென அறிந்த பதிவிலும் ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு, அப்பகுதி சி மொழிக்கு மாறியபின் தனித் திருத்தமாகவே சேர்க்கப்பட்டது. புதிய ரீபேஸ் வெளிவந்தபோது பழைய கோவைக்கே திரும்ப ஓர் அமைப்பும் உடன் தரப்பட்டது. நம்பிக்கை உறுதிப்பட்ட பின்னரே அவ்வழி மூடப்பட்டது.

திண்டுக்கல் சமவெளியில் பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. அருகே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. இங்குக் கணினியியல் பயில்வோர் சி மொழியை முதலாண்டிலேயே கற்கின்றனர்; ஆனால் வெற்றுத்தாளில் எழுதத்தான் பழக்கப்படுகிறார்கள், பிறர் எழுதிய நிரலைத் தேர்ந்து படிக்கும் பயிற்சி அரிது. கோடைத் திட்டத்துக்கு விண்ணப்பிப்போரிடம் கிட் குழு முதலில் கேட்பது, இருக்கும் நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்து சீராய்வை எதிர்கொள்ளும் குறுஞ்செயலைத்தான். ஒரு கட்டளையின் பழைய கோவையையும் புதிய சி வடிவத்தையும் அருகருகே வைத்து, நடத்தை வேறுபாடுகளைப் பட்டியலிடும் பயிற்சியை எந்த வகுப்பறையிலும் நடத்தலாம். இரு வடிவங்களும் கிட்டின் பொதுக் களஞ்சியத்திலேயே வரலாறாகக் கிடக்கின்றன.

அப்பயிற்சி இன்னொரு தெளிவையும் தரும். கிட்டின் கோவைகள் எல்லாமே மாறிவிடவில்லை. களஞ்சியத்தின் முழு வரலாற்றையும் திருத்தியெழுதும் பழைய கட்டளை இன்றும் கட்டளைக்கோவைதான். அதைச் சி மொழிக்குக் கொண்டுவருவதைவிட வேறு கருவியைப் பயன்படுத்துக என்றே அதன் கையேடு பரிந்துரைக்கிறது. இணைப்பு முரண்களைத் தீர்க்க வெளிக்கருவியை அழைக்கும் கோவையும் இருந்தபடியே இருக்கிறது. அதன் நேரமெல்லாம் பயனரின் கையில் கழிவதால் விரைவாக்கி ஆவது ஒன்றுமில்லை. எனவே, சீராய்வாளர் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி வரிகளைப் பற்றியதன்று. இதை மாற்றுவதால் பயனருக்கு என்ன கிடைக்கும், அதற்கு எத்தனை பழைய நடத்தைகளைப் பணயம் வைக்கிறோம் என்று அவர் கேட்க வேண்டும். விடை தெளிவாக இல்லையெனில், எழுதியவரின் உழைப்பு எவ்வளவு பெரிதாயினும், 'வேண்டா' என்று சொல்லவும் அவருக்குத் துணிவு வேண்டும்.