முன்னோடிகள் தினம்

ஓர் ஊர் தன் தோற்றத்தை எவ்வாறு நினைவுகொள்கின்றது என்பதை அதன் விழாக்களே காட்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் யூட்டா மாநிலத்தில் ஆண்டுதோறும் யூலை 24ஆந் திகதி நிகழும் முன்னோடிகள் தினம் இதற்குத் தக்க சான்றாகும்.

1844இல் தம் தலைவரான யோசப் சிமித்தைக் கலகக்காரர் கொன்றபின், மோர்மன் சமயத்தார் 1846இல் இலினோய் மாநிலத்தை விட்டு மேற்றிசை நோக்கிப் புறப்பட்டனர். பிரிகாம் யங் என்பாரின் தலைமையில் 1847 யூலையில் பெரிய உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்த அவர்கள், மலையருவிகளிலிருந்து வாய்க்கால் வெட்டி வறண்ட நிலத்தை விளைநிலமாக்கினர். பிரிகாம் யங் அங்கு வந்துசேர்ந்த நாளே 1849 முதல் விழாநாளாயிற்று. 1869இல் புகையிரதப் பாதை அமையுமுன் வந்தோரையே முன்னோடிகள் என்பது மரபு.

ஆயினும் அந்நிலம் ஆளில்லா நிலமன்று. யூட், சோசோனி முதலிய பழங்குடியினர் அங்கு முன்னரே வாழ்ந்தனர். முதற்கூட்டத்தில் கிறீன் பிளேக், ஆர்க் லே, ஒஸ்கார் குரொஸ்பி என்னும் கறுப்பின அடிமைகள் மூவரும் இருந்தனர். வாய்க்கால் வெட்டியதிலும் வழி திருத்தியதிலும் அவர்தம் உழைப்பும் கலந்திருந்தது. எனினும் சொல்ற் லேக் நகரின் பழைய நினைவுச்சின்னம் அவர்களை வேலையாட்கள் எனத் தனியே பிரித்துக் குறித்தது. 2022ஆம் ஆண்டிலேயே அவர்களுக்குச் சிலைகள் எழுந்தன.

முன்னோரைப் போற்றுதல் நன்றிக்கடன். அக்கடன் எவரெவர்க்கு உரியது என்று ஆராய்ந்து, விடுபட்ட பெயர்களையுஞ் சேர்த்துக்கொள்ளும் விழாவே வரலாற்றுக்கு ஒத்ததாகும்.