மரத்தை அடகு வாங்கிய பஞ்சாயத்து

பேளுக்குறிச்சிச் சந்தையில் கோடைக்காலத்தில் கூடும் கூட்டத்தைப் பற்றி நம் வணிக அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மல்லி ஆகியவற்றை மொத்தமாக வாங்கிப் போக வெளியூர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். சீரகம் வடநாட்டுச் சரக்கு. அது எல்லா ஊரிலும் கிடைக்கும். இந்தச் சந்தைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கொல்லிமலை மிளகு.

அந்த மிளகுக்கு முதல் இரண்டு: ஒன்று மழை, மற்றொன்று கொடி படரும் மரம். மழை பிடிக்கும்போது கொடி பூச்சரம் விடுகிறது. இடையில் மழை நின்றுபோனால் சரம் உதிர்கிறது. விடாமல் பெய்து வேரில் நீர் தேங்கினால் வாடல் நோய் கொடியையே கொண்டுபோகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பது அறிவியல் கணக்கு. அதனால்தான் பெய்தால் கொட்டுகிறது, விட்டால் நெடுநாள் விடுகிறது. இரண்டுமே மிளகுக்குப் பகை.

மிளகு பொய்த்த ஆண்டில் மலை விவசாயியின் கையில் விற்க மிஞ்சியிருப்பது மரம்தான். மரம் போனால் கொடி போயிற்று, நிழல் போயிற்று, ஈரம் போயிற்று. வட்டியில் சாப்பிட வேண்டியவர் முதலையே எடுத்துச் சாப்பிடுவது போன்றது இது. இதற்கு ஒரு கிராமப் பஞ்சாயத்து வழி கண்டிருக்கிறது.

மீனங்காடியின் ஐந்தொகை

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் உள்ளது மீனங்காடி. காப்பியும் மிளகும் விளையும் ஊர். வெளியேறும் கரியமில வாயுவும் மண்ணும் மரமும் உறிஞ்சும் கரியமில வாயுவும் சமமாக வேண்டும் என்ற திட்டத்தை இந்தப் பஞ்சாயத்து 2016 ஆம் ஆண்டு எடுத்துக்கொண்டது. அவர்கள் செய்த முதல் வேலை நமக்குப் பிடித்த வேலை, கணக்கு எழுதினார்கள். மின்சாரம், வாகனம், அடுப்பு, கால்நடை, குப்பை ஆகியவை பற்று. மரமும் மண்ணும் வரவு. பற்று ஆண்டுக்குச் சுமார் 33,000 டன், வரவு சுமார் 22,000 டன். ஆக, சுமார் 11,000 டன் துண்டு விழுந்தது.

துண்டை அடைக்க வந்த திட்டங்களில் ஒன்று மர வங்கி. விவசாயி தாம் நட்டு வளர்க்கும் மரத்தைப் பெயரளவில் அடகு வைக்கிறார். மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் வீதம் 10 ஆண்டுகளுக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. மரத்தை வெட்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். நூறு மரம் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். இதற்காகக் கேரள அரசு 10 கோடி ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் வைப்பாகப் போட்டது. அதன் வட்டி இத்திட்டத்துக்குப் பயன்படுகிறது.

ஒரு பஞ்சாயத்து மரம் வளர்த்தால் உலகம் குளிர்ந்துவிடாது. 2024 ஜூலை 30 அன்று அதே வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் நிற்கிற மரத்துக்கும் வருமானம் உண்டு என்று ஆக்கிக் காட்டியது சிறிய காரியமல்ல.

நம் மாநிலத்தில்

'கேரளத்தில் நடக்கும், இங்கே நடக்குமா?' என்று கேட்பவர்கள் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறையைப் பார்க்கலாம். அந்தப் பஞ்சாயத்து 2006 ஆம் ஆண்டில் 1 கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. 40 லட்சம் கைமுதல், மீதி வங்கிக் கடன். தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது. பஞ்சாயத்தும் முதல் போட்டு இலாபம் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழக அரசும் 2022 டிசம்பரில் காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் ஆட்சியர் பொறுப்பில் அதன் பணி நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே திட்டம் என்றாவது நம் வாசலுக்கும் வரும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது, அது சிறு கடைக்காரருக்கு அபராத ரசீதாகத்தான் அறிமுகமாயிற்று. திட்டம் தீட்டும்போது நாம் அங்கே இல்லை. இம்முறை முன்கூட்டியே போய் உட்கார வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

நம் யோசனை இது. சந்தையில் கைமாறும் மலை மிளகில் கிலோவுக்கு ஒரு ரூபாய் எடுத்து வைப்போம். 50 கிலோ மூட்டைக்கு 50 ரூபாய். மீனங்காடிக் கணக்கில் அது ஒரு மரத்தின் ஓராண்டுத் தொகை. பல நூறு ரூபாய் விற்கும் சரக்கில் ஒரு ரூபாய் யாரையும் சாய்த்துவிடாது.

சிக்கலும் உண்டு. சந்தை அடிவாரத்தில், மரம் மலைமேல். பஞ்சாயத்துகள் வேறு வேறு. எனவே இரு பக்கத்துக் கிராம சபைகளிலும் தீர்மானம் வர வேண்டும். பணம் தனி ஆள் கையில் இல்லாமல் கூட்டுறவு வங்கியில் இருக்க வேண்டும். வரவு செலவு ஆண்டுதோறும் சபையில் படிக்கப்பட வேண்டும். இந்த மூன்றும் இல்லையென்றால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பதே நம் கருத்து.

கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் அடுத்து வரும் நாளில் கடையை ஒரு மணி நேரம் பையன்களிடம் விட்டுவிட்டு வணிகர்கள் போய் வர வேண்டுகிறோம். மலையில் மரம் நின்றால்தான் நம் தராசில் மிளகு நிற்கும்.