கல்லெழுத்தும் கைப்பேசியும்

நம் கல்லூரி மாணவருள் கைப்பேசி இல்லாதார் அரியர். அக்கைப்பேசியுள் நிழற்படக் கருவி இல்லாமையும் அரிது. விழாவிலும் விடுதியிலும் வழிப்பயணத்திலும் நாடோறும் எண்ணற்ற படங்களை எடுக்கின்றோம். எடுத்த மாத்திரத்தே மறக்கின்றோம். எனினும் தமிழும் வரலாறும் பயில்வார்க்கு அக்கருவி வேறொரு பெரும்பணிக்கு உரியது. தேய்ந்துவரும் கல்வெட்டு, செல்லரித்த ஏட்டுச்சுவடி, பழுப்பேறிய திருச்சபைப் பதிவேடு, கல்லறைக் கல் ஆகியவற்றை அவை அழியுமுன் படியெடுத்துக் காத்தலே அப்பணி. அதனைச் செம்மையாகச் செய்வது எங்ஙனம் என்பதும், எடுத்த படத்தை எதுவரை திருத்தலாம், எங்கே நிறுத்தல் வேண்டும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இஃது எழுத நேர்ந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற கோடை விடுமுறையில் எம்மூர்ச் சபையார் தம் சபை வரலாற்றைச் சிறு நூலாக அச்சிட எண்ணி, கல்லறைத் தோட்டத்திலுள்ள பழைய கற்களைப் படித்தெழுதித் தருமாறு என்னைப் பணித்தனர். அவற்றுள் ஒன்று முற்காலத்து உபதேசியார் ஒருவருடைய கல். தரையோடு தரையாய்க் கிடந்த அக்கல்லை நண்பகலிற் சென்று படம் பிடித்தேன். வீட்டிற்கு வந்து நோக்கியபோது, வெண்மையானதொரு கற்பலகையன்றி வேறொன்றும் அதிற் காணப்படவில்லை. விரலால் தடவியபோது எழுத்து உண்டென்று உணர்ந்த இடத்தில், எழுத்து இல்லையென்று படம் கூறிற்று. பொழுது சாயும் வேளையில் மீண்டும் சென்றேன். அதே கல், அதே கைப்பேசி. ஆயினும் பெயரும் ஊரும் ஆண்டும் வரிவரியாய் எழுந்து நின்றன. கருவியைக் குறைகூறிக்கொண்டிருந்த யான், குறை என்னிடத்ததே என்று அன்று அறிந்தேன்.

இம்மாற்றத்தின் காரணத்தைச் சிறிது விளக்குவாம். கல்லில் வெட்டிய எழுத்து மையால் எழுதியதன்று. அது கல்லின் நிறமேயுடைய ஒரு பள்ளம். நிறத்தால் வேறுபடாத பள்ளத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அதன் நிழல் ஒன்றே. கல்லுக்கு நேரே நின்று ஒளி விழுமாயின் பள்ளமும் மேடும் ஒருங்கே விளங்கும், நிழல் இராது, எழுத்தும் இராது. ஒளி பக்கத்திலிருந்து சாய்வாய்க் கல்லின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு செல்லுமாயின், ஒவ்வொரு பள்ளமும் ஒரு புறம் இருண்டு மறுபுறம் ஒளிரும். ஆகலின் படுத்த கல்லுக்குக் காலையும் மாலையும் ஏற்றன. நிறுத்திய கல்லுக்கு அங்ஙனம் விதி கூறலாகாது. கிழக்கு நோக்கி நிற்கும் கல்லின் முகத்தில் காலையொளி நேரே படும். உச்சிவேளையை அணுகும்போதே ஒளி மேலிருந்து சாய்ந்து தடவும். எனவே வேளையை மனப்பாடம் செய்தல் வேண்டா. கதிரவன் எப்பக்கம், கல்லின் முகம் எப்பக்கம் என்று நோக்குதல் வேண்டும்.

இருண்ட மண்டபத்திலோ கோயிலின் உட்சுவரிலோ உள்ள எழுத்துக்குக் கதிரவன் உதவான். ஆண்டு மற்றொரு கைப்பேசியின் டார்ச் விளக்கே கதிரவனாகும். தோழர் ஒருவர் அதனைச் சுவரையொட்டிப் பிடித்து ஒளியைப் பக்கவாட்டில் செலுத்த, மற்றவர் நேரே நின்று படம் எடுத்தல் வேண்டும். படமெடுக்கும் கைப்பேசியின் பிளாஷ் விளக்கை அணைத்துவிடுதல் இன்றியமையாதது. அது லென்சுக்கு அருகிலேயே அமைந்து நேரொளி வீசுவதாதலின், உச்சிவெயில் செய்த தீங்கையே செய்யும். இவ்வாறு இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் ஒளியைச் செலுத்தி நான்கு படம் எடுத்துக்கொள்க. இதன் பயன் பெரிது. உண்மையான வெட்டின் நிழல், ஒளி பக்கம் மாறுந்தோறும் தானும் பக்கம் மாறும். பாசியோ கறையோ ஆயின் அஃது எவ்வொளியிலும் ஒரே தன்மையாய்க் கிடக்கும். எழுத்தையும் கறையையும் பிரித்தறிய இதனினும் எளிய வழி இல்லை.

ஏட்டுச்சுவடிக்கும் இவ்விதி சிறிது வேறுபாட்டோடு பொருந்தும். ஓலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்து, மை தடவியதாயின் நிறத்தால் விளங்கும். அதற்குச் சாளரத்தின் அருகே பரவிவரும் மெல்லொளி போதும். மை தடவாத ஏடாயின், அல்லது மை உதிர்ந்ததாயின், கல்லுக்குக் கூறிய சாய்வொளியே வேண்டும். தாளில் எழுதிய பதிவேட்டுக்கு இருபுறமும் ஒத்த ஒளி நன்று. படமெடுப்போர் தம் நிழலே தாளின்மேல் விழாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இனி, கருவியைக் கையாளும் முறையைக் கூறுவாம்.

முதலாவது, லென்சைத் துடைத்தல். சட்டைப்பையிலும் கையிலும் கிடக்கும் கைப்பேசியின் லென்சில் விரலின் எண்ணெய் படிந்திருக்கும். அதனால் படம் பனிமூடியதுபோல் தோன்றும். மெல்லிய தூய துணியால் ஒருமுறை துடைத்தலே பாதி வெற்றி.

இரண்டாவது, நேர் நிற்றல். எழுத்துள்ள பரப்பும் கைப்பேசியும் ஒன்றற்கொன்று இணையாய் இருத்தல் வேண்டும். சாய்த்துப் பிடிப்பின் ஒரு பக்கத்து எழுத்துப் பெரிதாயும் மறுபக்கத்து எழுத்துச் சிறிதாயும் கோணும். திரையிற் கட்டக்கோடுகளைத் தோன்றச் செய்யும் அமைப்பு ஏறக்குறைய எல்லாக் கைப்பேசியிலும் உண்டு. கல்லின் விளிம்பை அக்கோட்டோடு பொருத்துக.

மூன்றாவது, அண்மையும் சேய்மையும். இரு விரலால் திரையை அகட்டிப் படத்தைப் பெரிதாக்குதல் பெரும்பாலும் உள்ளதை இழுத்துக் காட்டுதலேயன்றி உள்ளதை மிகுவித்தலன்று. தனியே தொலைநோக்கு லென்ஸ் உடைய கைப்பேசியாயின் அதனைப் பயன்படுத்துக. இல்லையேல் காலால் நடந்து அணுகுக. மிக நெருங்கின் அகன்ற லென்ஸ் ஓரங்களை வளைத்துவிடும். நீண்ட கல்வெட்டை ஒரே படத்துள் அடக்க முயலாமல், ஒன்றன் ஓரம் அடுத்ததிலும் வருமாறு பல படமாய் எடுத்தலே தக்கது.

நான்காவது, ஒளியளவு. திரையில் எழுத்துள்ள இடத்தைத் தொட்டால் கருவி அவ்விடத்தைக் குறியாகக் கொள்ளும். தொட்ட விரலை எடாமல் சிறிது பொழுது அழுத்தினால் பல கைப்பேசிகளில் அக்குறி நிலைபெறும். பின்னர் விரலைக் கீழே இழுத்து ஒளியைச் சற்றுக் குறைத்துக்கொள்க. ஒளி மிகுந்து வெளுத்த இடத்தில் செய்தி ஒன்றும் பதிவதில்லை. பதியாததனைப் பின்னர் எவராலும் மீட்டல் இயலாது. சற்றே இருண்ட இடத்தையோ பின்னர் வெளிச்சமாக்கலாம்.

ஐந்தாவது, அசையாமை. கைப்பேசியின் ஒளியுணர் சில்லு விரல்நகத்தினும் சிறியது. ஆதலின் மங்கிய ஒளியில் அது நெடும்பொழுது ஒளியைப் பெறல் வேண்டும். இக்காலத்துக் கைப்பேசிகள் நாம் ஒருமுறை அழுத்தும்போதே பல படங்களை விரைந்தெடுத்து அவற்றை ஒன்றாய்க் கலந்து தருகின்றன. அப்பொழுது கை நடுங்கின் எழுத்தும் கலங்கும். முக்காலி இல்லையேல் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சார்த்தலாம். 2 அல்லது 3 நொடி கழித்துத் தானே எடுக்கும் அமைப்பையும் கொள்ளலாம்.

ஆறாவது, அளவுகோல். எழுத்தை மறையாதவாறு ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், எழுத்தின் உயரத்தைப் பின்வருவோரும் அறிவர்.

இவற்றோடு செய்யலாகாதன சிலவும் உள. எழுத்து விளங்கும்பொருட்டுச் சுண்ணக்கட்டியால் அதன்மேல் வரைதல், எண்ணெய் தடவுதல், இரும்புத் தூரிகையால் தேய்த்தல் ஆகியன பெருந்தீங்கு. வரைபவர் தாம் படித்தபடியே வரைவாராதலின், அவர் பிழை கல்லின் பிழையாய்விடும். உரியாரிடம் இசைவு பெற்றே படம் எடுத்தல் வேண்டும் என்பதும் சொல்லாமலே அமையும்.

படமெடுத்தல் இவ்வளவினது. இனித் திருத்தல். படத்தைத் திருத்துதல் இக்காலத்துப் புதுமை என்று எண்ணுவார் உளர், அஃது அன்று. சென்னை அரசாங்கத்தார் 1856 ஆம் ஆண்டில் நிழற்படக்காரராக அமர்த்திய லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் பிடித்தார். அக்காலத்துப் படச்சுருள் போன்ற தாள் நீலநிறத்தை மிகுதியாய் ஏற்றமையால் வானம் வெறுமையாய் வெளுத்துத் தோன்றும். ஆகவே அவர் தம் எதிர்ப்படிவத் தாளில் வண்ணம் தீட்டி மேகங்களையும் மரத்தழைகளையும் சேர்த்தார். அதே டிரைப், 1858 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாய் எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். நீண்ட எழுத்தைப் பல படமாய் எடுத்து இணைக்கும் வழியை நமக்கு முன்னரே காட்டியவர் அவர். வானில் ஒரு மேகம் சேர்ந்தமையால் கோயிலின் வரலாறு கெடாது. எழுத்தில் ஒரு கோடு சேர்ந்திருப்பினோ, கொடை கொடுத்தவனும் மாறுவான். கொடுத்த ஆண்டும் மாறும். திருத்தலின் எல்லை இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கின்றது.

ஆகவே, படம் முழுமைக்கும் ஒப்ப நிகழும் மாற்றத்தைச் செய்யலாம். வேண்டாத ஓரத்தை வெட்டுதல், கோணலை நேராக்குதல், ஒளியைக் கூட்டுதல் குறைத்தல், இருளுக்கும் ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை மிகுவித்தல், நிறம் நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்குதல் ஆகியன அத்தன்மையன. ஸ்னாப்சீடு முதலிய செயலிகளிலும், கைப்பேசியிலேயே அமைந்த திருத்தப் பகுதியிலும் இவை எளிதிற் கிட்டும். காண்ட்ராஸ்ட் என்று குறித்ததனைச் சிறிது கூட்டி, நிழற்பகுதியைச் சிறிது வெளிச்சமாக்கினால் கல்லெழுத்து நன்கு விளங்கும். சிறிது என்பதனை வற்புறுத்துகின்றேன். மிகைப்படின் கல்லின் சொரசொரப்பெல்லாம் எழுத்தாய்த் தோன்றும்.

செய்யலாகாதன யாவை? ஓரிடத்தை மட்டும் தேய்த்து மறைத்தல், பிளவை நிரப்புதல், மங்கிய படத்தைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்குதல் ஆகியன. தெளிவாக்கும் கருவி மங்கலுக்குள் மறைந்திருந்ததனை வெளிக்கொணர்வதாக நாம் மயங்குகின்றோம். உண்மையில் அது, தான் முன்பு கண்ட பல்லாயிரம் உருவங்களைக்கொண்டு, இங்கு எது இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து, அவ்வூகத்தை எழுதிவைக்கின்றது. அவ்வூகம் தெளிவாயிருத்தலின் நாமும் ஐயுறுவதில்லை. செயற்கை நுண்ணறிவு இல்லாத கருவியும் இத்தகைய பிழை செய்ததுண்டு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில படியெடுப்புக் கருவிகள் 6 என்னும் இலக்கத்தை 8 எனப் படியெடுத்தமையை 2013 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சார்ந்த டேவிட் கிரீசல் என்பார் கண்டறிந்து வெளியிட்டார். கோப்பின் அளவைச் சுருக்கும்பொருட்டு, ஒத்துத் தோன்றும் உருவங்களுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை அக்கருவி வைத்ததே காரணம். படி மங்கலாய் இருந்திருப்பின் படிப்போர் ஐயுற்றிருப்பர். தெளிவாய் இருந்தமையே கேடாயிற்று.

அக்கேடு எனக்கும் நேர்ந்தது. உபதேசியாரின் கல்லில் ஆண்டின் ஈற்றிலக்கம் பாசி படிந்து மங்கியிருந்தது. அதனைத் தெளிவாக்கும் செயலியொன்றில் இட்டேன். 1888 என்று பளிச்சென வந்தது. மகிழ்ந்து அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். அச்சுப்படி திருத்தும்போது சபைப் பெரியவர் ஒருவர், அடக்கப் பதிவேட்டின் 1883 ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவர் பெயர் இருப்பதாகக் கூறினார். மீண்டும் கல்லைப் பார்க்கச் சென்றேன். இடைக்காலத்தில் நிகழ்ந்த மதிற்சுவர் வேலையில் அக்கல் பிளந்து, ஆண்டு இருந்த மூலை சிதைந்துபோயிருந்தது. நல்வினைப்பயனாய், மாலையொளியில் இடமிருந்தும், பின்னர் டார்ச் கொண்டு வலமிருந்தும் எடுத்த மூலப்படங்களை யான் அழித்திலேன். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினேன். இலக்கத்தின் வலப்புறத்து வளைவுகளில் நிழல் பக்கம் மாறிற்று. இடப்புறத்து வளைவு இரண்டிலும் மாறாமற் கிடந்தது. அது வெட்டன்று, பாசி. இலக்கம் 3 என்பது தெளிவாயிற்று. செயலி பாசியையும் எழுத்தாக்கி 3 ஐ 8 ஆக முடித்துவிட்டது. யான் அதனை நம்பி, இறந்த ஒருவருக்கு ஐந்தாண்டு வாழ்வைக் கூட்டிவிட்டேன்.

தமிழ் ஏடுகளிலும் இவ்விடர் மிகுதி. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் காணப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒத்திருக்கும். புள்ளியில்லாமையே ஏட்டின் இயல்பாதலின், எங்கே புள்ளி கொள்வது என்பதில்தான் பாடபேதம் பிறக்கின்றது. இக்கால அச்செழுத்தைக் கண்டு பழகிய கருவி அவ்விடத்தில் தானே ஒரு புள்ளியை இட்டுவிடுமாயின், பதிப்பாசிரியர் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டியதனைக் கருவி ஆராயாமலே முடித்துவிட்டதாகும்.

எனவே மூன்று ஒழுக்கங்களை மேற்கொள்வோமாக. மூலப்படத்தை ஒருபோதும் அழியாமல், அதன் படியொன்றிலேயே திருத்தம் செய்தல் ஒன்று. எடுத்த இடம், நாள், வேளை, ஒளி வந்த பக்கம், செய்த திருத்தம் ஆகியவற்றை அன்றே குறித்துவைத்தல் இரண்டு. பிறர்க்கு அனுப்புங்கால் வாட்சப்பில் படமாக அனுப்பின் அது சுருக்கப்பட்டு நுண்கோடுகளை இழக்குமாதலின், ஆவணமாக இணைத்து அனுப்புதல் மூன்று.

நண்பர்களே, விடுமுறைக்கு நம் ஊர் செல்லும்போது ஒரு மாலைப்பொழுதை நம்மூர்க் கல்லுக்கோ பதிவேட்டுக்கோ கொடுப்போமாக. நாம் எடுக்கும் படம் ஒருநாள் அப்பொருளுக்கு எஞ்சிய ஒரே சாட்சியாதல் கூடும். விளங்காத இடத்தை விளங்கவில்லை என்றே விட்டுவைக்கும் படம் மெய்ச்சாட்சி. விளங்காததனை விளங்கியதாய்க் காட்டும் படம், எத்துணை அழகிதாயினும், பொய்ச்சாட்சியே.