முழுக்கோதுமை மாவும் நம் தோசைக்கல்லும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி மண்ணுக்கும் கோதுமைக்கும் உறவில்லை. ஆலத்தியூர் வட்டாரத்தில் நம் முன்னோர் அறிந்த தவசங்கள் சோளம், கம்பு, வரகு ஆகியனவே. இன்று மக்காச்சோளமும் பருத்தியும் அவற்றின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. கோதுமையோ வடமாநிலங்களிலிருந்து வருகிறது. ஆயினும் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் கண்டுவிட்டால், அன்றிரவே தோசைக்கல்லில் கோதுமை ஏறிவிடுகிறது. அண்மைக் காலமாக, நீர் விட்டுக் கரைத்த உடனே வார்த்தெடுக்கும் முழுக்கோதுமைத் தோசைக் கலவைகளும், மேலைநாட்டார் 'பான்கேக்' என்றழைக்கும் தடித்த இனிப்புத் தோசைக்கான கலவைகளும் பொட்டலங்களாகக் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றால் நாம் உண்மையில் பெறுவது என்ன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கோதுமை மணியின் அமைப்பு

கோதுமை மணி மூன்று பகுதிகளால் ஆனது. மேலே தவிடு, உள்ளே வெண்மையான மாவுப்பகுதி, அடியில் சிறிய முளை. மணியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மாவுப்பகுதியே ஆகும். ஆனால் நார்ச்சத்தும் இரும்பு முதலிய தாதுக்களும் 'பி' வகை உயிர்ச்சத்துகளும் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலுமே அடங்கியுள்ளன. முளையில் எண்ணெய்ச் சத்து உண்டு. அதனால் முழுமாவு விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். நெடுநாள் கெடாமலும் வெண்மையாகவும் இருக்கவேண்டித் தவிட்டையும் முளையையும் நீக்கி எடுப்பதே மைதா.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முழுக்கோதுமை மாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. இரும்புச்சத்து முன்னதில் சுமார் 4 மில்லிகிராம். பின்னதில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. புரதமோ இரண்டிலும் ஏறத்தாழ 10 கிராமே. எனவே, 'புரதம் நிறைந்தது' என்று பொட்டலம் கூறுவதால் மட்டும் உள்ளிருப்பது முழுக்கோதுமை என்று முடிவு செய்தல் கூடாது. முழுமைக்குச் சான்று நார்ச்சத்தே.

பெருமானார் நபி (ஸல்) அவர்கள் காலத்து உணவு பற்றி ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்று புகாரி நபிமொழித் தொகுப்பில் உள்ளது. அக்காலத்தில் வாற்கோதுமையை அரைத்து, மேலே நிற்கும் உமியை வாயால் ஊதிப் போக்கி, எஞ்சியதைப் பிசைந்து உண்டனர்; சல்லடை பயன்படுத்தவில்லை என்பது அதன் கருத்து. எளிய வாழ்வின் அடையாளமாக நாம் படித்து வந்த இச்செய்தியில் உடல்நலத்திற்குரிய பாடமும் அடங்கியிருப்பதை இன்றைய உணவியல் உணர்த்துகிறது.

சர்க்கரை நோயும் கோதுமையும்

கோதுமையில் மாவுச்சத்து இல்லை என்பதுபோல் நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. இது பிழையாகும். 100 கிராம் முழுக்கோதுமை மாவில் மாவுச்சத்து சுமார் 64 கிராம். தீட்டிய பச்சரிசியில் சுமார் 78 கிராம். இரண்டு தோசைக்கு 60 கிராம் மாவு செல்வதாகக் கொள்வோம். கோதுமையாயின் மாவுச்சத்து ஏறத்தாழ 38 கிராம். அதே எடையுள்ள அரிசியாயின் 47 கிராம். வேறுபாடு உண்டு, ஆனால் பெரிதன்று. 'கோதுமைதானே' என்று மூன்றாவது தோசையை வார்த்துக்கொண்டால் கணக்கு 57 கிராமைக் கடந்துவிடும். அரிசியை விட்டதன் பயனும் அதனுடன் போய்விடும்.

அப்படியாயின் முழுக்கோதுமையால் பயனில்லையா? உண்டு. அதன் நார்ச்சத்து செரிமானத்தின் வேகத்தைக் குறைக்கிறது. பசி தணிந்த நிலையை நீட்டிக்கிறது. நோன்புக் காலத்தில் ஸஹர் உணவுக்கு அது ஏற்றதாவதும் இதனாலேயே. ஆனால் அளவு மீறினால் எந்தத் தவசமும் மருந்தாகாது. மருந்து உண்போர் உணவின் அளவை மருத்துவரிடம் கேட்டு வகுத்துக்கொள்வதே முறை. கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் பசைப்புரதம் ஒவ்வாதார் சிலர் உளர். அவர்கள் இதனை அறவே விலக்கவேண்டும்.

பொட்டலத்தின் பின்புறம்

பொட்டலத்தின் முன்புறம் விளம்பரம், பின்புறமே விவரம். சேர்க்கைப் பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிடவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். எனவே முதலில் நிற்கும் பெயரே மிகுதியான பொருள். அங்கே மைதாவோ சர்க்கரையோ நின்றால், முன்புறத்துக் கோதுமைக் கதிர் வெறும் படமே. இனிப்புக் கலவைகளில் சர்க்கரையின் அளவை அவசியம் நோக்கவேண்டும். 4 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி. உப்பும் சமையல் சோடாவும் சோடியத்தைக் கூட்டுகின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இரத்தக்கொதிப்பு உள்ளோர் இதனை மறத்தலாகாது.

புளிப்பும் பருப்பும்

உடனடிக் கலவைக்கு மற்றுமொரு குறை உண்டு. தவிட்டிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்புச்சத்தைப் பிணித்து, உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஊறவைத்துப் புளிக்கவைத்தால் அவ்வமிலம் குறையும். சோடாவால் பொங்கும் மாவில் அத்தகைய புளிப்பு நிகழ்வதில்லை. நம் பாட்டிமார் இரவில் கரைத்து வைத்துக் காலையில் வார்த்த வழக்கம் வெறும் சுவைக்காக மட்டும் பயன்பட்டதன்று.

கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. மூன்று பங்கு முழுக்கோதுமை மாவுடன் ஒரு பங்கு உளுந்து மாவு சேர்த்தால், 100 கிராம் கலவையில் புரதம் 13 கிராமைக் கடக்கும், தரமும் உயரும். இக்கலவையை முந்தின இரவே கரைத்துப் புளிக்கவிட்டு, முருங்கைக்கீரை தூவி வார்த்து, எலுமிச்சை பிழிந்த துவையலோடு உண்டால், இரும்புச்சத்து உடலில் சேரத் துணைபுரியும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அப்பயன் குறையும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். நம் இல்லத்துப் பெண்மக்களை எண்ணிப் பார்த்தால் இச்சிறு முறைகளின் அருமை விளங்கும்.

நம் மண்ணின் தவசம்

இறுதியாக ஒன்று. கம்பில் நார்ச்சத்து கோதுமை மாவுக்கு நிகர். இரும்புச்சத்தோ 100 கிராமுக்கு 6 மில்லிகிராமுக்கும் மேல். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 364 மில்லிகிராம்; கோதுமை மாவில் 31 மில்லிகிராம் மட்டுமே. ஆகவே தொலைவிலிருந்து வரும் தவசத்தைப் போற்றும் நாம், ஆலத்தியூர்ப் பக்கத்துப் புன்செயில் விளைந்ததை மறப்பது முறையன்று. ஒரு நாள் கோதுமை, மறுநாள் கம்பு, பிறிதொரு நாள் கேழ்வரகு என முறைவைத்து வார்ப்பதே சிறப்பு.

தோசைக்கல்லில் எதை ஊற்றுகிறோம் என்பதோடு, அது தீட்டப்பட்டதா முழுமையானதா, துணையாகச் சேர்ந்தது எது, எத்தனை வார்த்தோம் என்னும் மூன்று வினாக்களையும் நாள்தோறும் கேட்டுக்கொள்வோம். மாணவச் செல்வங்கள் இன்று மாலையே தம் வீட்டு அடுக்களையிலுள்ள பொட்டலத்தின் பின்புறத்தைப் பெற்றோர்க்குப் படித்துக் காட்டுவார்களாயின், அவர்கள் கற்ற கல்வி வீட்டுக்கு முதற்பயன் தந்ததாகும்.