முருங்கையை ஏன் ஒடிக்கணும்?

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த அன்னிக்கு எங்கள் சேலையூர் வீட்டு முருங்கை நடுவில் முறிந்து பக்கத்து வீட்டு காம்பவுண்டுச் சுவர் மேல் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ஈபி வயர். இத்தனைக்கும் ரொம்பப் பாசமாக வளர்த்த மரம். ஆறு வருஷத்தில் ஒரு கிளையைக்கூட வெட்டியதில்லை. பிரச்சினையே அதுதான்னு பிறகுதான் புரிந்தது.

"முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்" என்று பாட்டி சொல்வார். இரண்டாவது பாதியை விட்டுவிடுவோம். முதல் பாதிக்குப் பின்னால் என்ன இருக்குன்னு தேட ஆரம்பித்தேன். (நுனி கிள்ளுவது பற்றி யூடியூபில் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் கஞ்சா வளர்க்கிற வீடியோவாக வந்து விழுகிறது. இங்கே 1985 போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம். ஆனால் கத்தரிக்கோலுக்குப் பின்னால் இருக்கிற தாவரவியல் ஒன்றுதான்.)

செடியின் உச்சிக் குருத்தில் ஆக்சின் என்ற ஹார்மோன் உருவாகி கீழ்நோக்கி இறங்குகிறது. அது வருகிறவரை, ஒவ்வொரு இலைக் கணுவிலும் இருக்கிற பக்க மொட்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும். எங்கள் துறையில் மெயின் சர்வர் "நான் உயிரோட இருக்கேன்" என்று சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் ஸ்டாண்ட்பை சர்வர் எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும். நுனியைக் கிள்ளுவது அந்த சிக்னலை நிறுத்துவது மாதிரி. 1933இல் திமான், ஸ்கூக் என்ற இருவர் அவரைச் செடியின் உச்சியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். உச்சியே இல்லாவிட்டாலும் பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன.

ஆனால் கதை அவ்வளவு எளிது இல்லை. 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் காட்டினது: உச்சி போன சில மணி நேரத்தில், ஆக்சின் குறைவதற்கு முன்னாடியே, கீழ் மொட்டுகள் கிளம்பிவிடுகின்றன. காரணம் சர்க்கரை. உச்சிக்குருத்து சாப்பாட்டை எல்லாம் இழுத்துக்கொண்டிருந்தது. அது போனதும் மிச்சப் பேருக்குப் பந்தி கிடைக்கிறது. எனக்கு இந்த விளக்கம்தான் அதிகம் பிடித்தது.

சரி, நடைமுறைக்கு வருவோம். விதை போட்டு வளர்க்கிற பெரியகுளம் ரகம் பிகேஎம்-1க்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை: செடி 75 செ.மீ. வந்ததும் நுனியைக் கிள்ளணும், காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. விட்டு வெட்டணும். மூன்று வருஷம்வரை இப்படி மறுதாம்பு விடலாம். என்னுடையது போத்து நட்ட நாட்டு முருங்கை. அதே கணக்கைத்தான் வைத்திருக்கிறேன், மார்பளவுக்குக் கொஞ்சம் கூட்டி.

ஆடியில் வெட்டுகிறேன். ஐப்பசி மழை பிடிக்கும்போது பெரிய காயம் திறந்திருந்தால் தண்ணீர் இறங்கி நடுத்தண்டு அழுகும். முருங்கைக் கட்டை பஞ்சு மாதிரி. வெட்டைக் கொஞ்சம் சாய்வாக வைத்தால் தண்ணீர் நிற்காது. மேலே சாணி அப்புவது எங்கள் ஊர் வழக்கம்.

வெட்டின இரண்டு மூன்று வாரத்தில் குச்சி குச்சியாகப் பத்துப் பதினைந்து துளிர் வரும். எல்லாத்தையும் விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு, நானும் முதல் வருஷம் பண்ணினேன். ஒரே இடத்தில் நெருக்கி முளைத்தவை அடியில் பிடிப்பு இல்லாமல் காற்றில் பிய்ந்துகொண்டு வரும். நாலு திசைக்கு நாலு, அதிகம் போனால் ஐந்து வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீரைக்கு ஒடித்துவிடுங்கள். வைத்தவை இரண்டடி வந்ததும் மறுபடி நுனி கிள்ளல்.

கயிறு கட்டிக் கிளையை வளைக்கிற வித்தை இருக்கே, அது கொய்யாவுக்கு. நிமிர்ந்து நிற்கிற கிளையை வளைத்துக் கட்டினால் அதன் நீளத்துக்கும் துளிர்த்துப் பூக்கும். முருங்கையில் முயற்சி பண்ணாதீர்கள், கையோடு வந்துவிடும்.

இப்போ மரம் பத்தடிக்குள் நிற்கிறது. தொரட்டியை மாடிக்கு ஏற்றிவிட்டோம். மழைக்காலத்தில் தண்டில் அப்பிக்கொள்கிற கம்பளிப்பூச்சியும் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது, தீப்பந்தம் கட்டின கம்புக்கு வேலை சுலபம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஒவ்வொரு ஐப்பசியிலும் சுவருக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து உயரத்தை அளந்துவிட்டுப் போகிறார்.