சாலிஸ்பரி பேராலயப் பாடற்குழு மரபு

சாலிஸ்பரி பேராலயப் பாடற்குழு மரபு என்பது தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்சயர் மாவட்டத்தில் உள்ள சாலிஸ்பரி பேராலயத்தில் நாள்தோறும் நடைபெறும் பாடல் வழிபாட்டையும், அதற்காகச் சிறுவர் சிறுமியரைப் பயிற்றுவிக்கும் முறையையும் குறிக்கும். இப்பேராலயம் ஆங்கிலிக்கன் சபைகளுள் ஒன்றான இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. இங்குள்ள பாடற்பள்ளியின் வரலாறு 11ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. 1991ஆம் ஆண்டில் சிறுவர் குழுவுக்கு இணையாகத் தனியான சிறுமியர் பாடற்குழுவை நிறுவிய முதல் இங்கிலாந்துப் பேராலயம் என்ற வகையில், ஆங்கிலிக்கன் தேவாலய இசை வரலாற்றில் சாலிஸ்பரிக்குச் சிறப்பிடம் உண்டு.

இம்மரபில் பாடுவது மேடைக் கச்சேரி அன்று. அது வழிபாட்டின் ஒரு பகுதி. நூறு பேர் வந்திருந்தாலும் ஐந்து பேர் மட்டுமே வந்திருந்தாலும் அதே பயிற்சியுடன் அதே பாடல்கள் பாடப்படுகின்றன. ஒரு சிறுவன் பாடற்குழுவில் இருக்கும் காலமோ நான்கைந்து ஆண்டுகள்தான். குரல் உடைந்ததும் அவன் விலக, புதியவன் வருகிறான். ஆகவே இக்குழு ஆண்டுதோறும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. சில ஆண்டுகள் பயிற்சி நின்றால்கூட மரபு அறுந்துவிடும்.

பின்னணி

இன்றைய சாலிஸ்பரி நகருக்கு வடக்கே, பழைய சாரம் என்னும் குன்றின்மேல் முதல் பேராலயம் கட்டப்பட்டு 1092இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்த ஆயர் ஆஸ்மண்ட், 1091ஆம் ஆண்டில் பாடற்சிறுவர்களுக்கான பள்ளியையும் தொடங்கியதாகக் கூறப்படுகிறது. சாலிஸ்பரி பேராலயப் பள்ளி இன்றும் அந்த ஆண்டையே தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது.

தண்ணீர்த் தட்டுப்பாடும், அதே குன்றில் இருந்த கோட்டைப் படையினருடனான பூசல்களும் குருமாரைக் கீழே இறங்கச் செய்தன. ஆயர் ரிச்சர்ட் பூர் காலத்தில், 1220இல் சமவெளியில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1258இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. பின்னர் எழுப்பப்பட்ட அதன் கூர்கோபுரம் 123 மீட்டர் உயரமுடையது. பிரித்தானியாவின் தேவாலயக் கோபுரங்களுள் அதுவே மிக உயரமானது.

இப்பேராலயத்தில் உருவான வழிபாட்டு ஒழுங்கு சாரம் முறை எனப்பட்டது. எந்த நாளில் எந்தப் பாடலை யார் எங்கே நின்று பாட வேண்டும் என்பதை அது நுணுக்கமாக வகுத்துத் தந்தது. இடைக்காலத்தின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகளில் இம்முறையே பின்பற்றப்பட்டது.

சீர்திருத்தமும் மாலை ஆராதனையும்

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை உரோமையிலிருந்து பிரிந்தபின், இலத்தீன் வழிபாடு கைவிடப்பட்டது. 1549இல் ஆங்கிலத்தில் பொது ஜெபப் புத்தகம் வெளியானது. துறவியரும் குருமாரும் ஒரு நாளில் பலமுறை கூடிச் செய்துவந்த வேண்டுதல்கள் காலை ஆராதனை, மாலை ஆராதனை என இரண்டாகச் சுருக்கப்பட்டன. மாலை ஆராதனையின் பாடல் வடிவமே ஈவன்சாங் எனப்படுகிறது. ஆங்கிலிக்கன் பேராலய இசையின் மையம் இதுவே.

ஈவன்சாங் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடைபெறும். குருவானவர் ஒரு வரியைப் பாட, குழு மறுமொழி பாடுகிறது. அடுத்து அன்றைய சங்கீதங்கள் பாடப்படும். வேதாகமத்திலிருந்து இரண்டு பகுதிகள் வாசிக்கப்படும். முதல் வாசிப்புக்குப் பின் மரியாளின் பாட்டும், இரண்டாம் வாசிப்புக்குப் பின் சிமியோனின் பாட்டும் இடம்பெறும். இறுதியில் ஆந்தம் என்னும் தனிப்பாடல் ஒன்றைக் குழு பாடும்.

மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் சொற்களில் மாறுவதில்லை, இசை மட்டுமே மாறுகிறது. வில்லியம் பேர்ட், ஹென்றி பர்செல், சார்லஸ் ஸ்டான்ஃபோர்ட் முதலியோர் இச்சொற்களுக்கு இசையமைத்துள்ளனர். 20ஆம் நூற்றாண்டில் ஹெர்பர்ட் ஹவல்ஸ் பல பேராலயங்களுக்கும் கல்லூரிச் சிற்றாலயங்களுக்கும் அவ்வவ்விடத்தின் எதிரொலியை மனத்தில் கொண்டு தனித்தனியே இசையமைத்தார். அவற்றுள் ஒன்று சாலிஸ்பரிக்கு உரியது.

குழுவின் அமைப்பு

பாடற்குழு பேராலயத்தின் கிழக்குப் பகுதியில் இரு வரிசைகளாக எதிரெதிரே நின்று பாடுகிறது. பேராலயத் தலைவரான டீனின் இருக்கை உள்ள தெற்குப் பக்கம் டெகனை எனவும், இசைப் பொறுப்புடைய குருவின் இருக்கை உள்ள வடக்குப் பக்கம் கன்டோரிஸ் எனவும் அழைக்கப்படும். சங்கீதத்தின் ஒரு வசனத்தை ஒரு பக்கமும் அடுத்த வசனத்தை மறுபக்கமும் மாறிமாறிப் பாடுவது வழக்கம்.

உச்சக் குரல் பகுதியைச் சிறுவர்களோ சிறுமியரோ பாடுவர். ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஆகிய கீழ்க்குரல் பகுதிகளை ஊதியம் பெறும் பெரியவர்கள் பாடுவர். பிற பேராலயங்களில் லே கிளார்க் எனப்படும் இவர்களுக்குச் சாலிஸ்பரியில் லே விகார் என்று பெயர். பக்கத்துக்கு மூவராக ஆறு பேர் உள்ளனர்.

பாடற்சிறுவரும் சிறுமியரும் எட்டு முதல் பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். குரல், செவித்திறன் சோதனை மூலம் தேர்ந்தெடுக்கப்படும் இவர்கள் பேராலயப் பள்ளியில் கல்வி பயில்கின்றனர். 1947 முதல் இப்பள்ளி முன்னாள் ஆயர் அரண்மனையில் இயங்கி வருகிறது. காலையில் வகுப்புக்கு முன் பயிற்சி, மாலையில் வகுப்புக்குப் பின் மீண்டும் பயிற்சி, அதைத் தொடர்ந்து ஆராதனை என்பதே இவர்களின் அன்றாடம். மற்றப் பிள்ளைகள் விடுமுறையில் வீடு செல்லும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நாள்களில்தான் இவர்களுக்குப் பணி மிகுதி.

சங்கீதம் பாடும் முறை

பொது ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாள்களுக்குக் காலை, மாலை எனப் பிரித்து வைத்துள்ளது. 15ஆம் நாள் மாலைக்கு உரியது 78ஆம் சங்கீதம் மட்டுமே. எழுபதுக்கும் மேற்பட்ட வசனங்கள் கொண்ட அதனைப் பாடற்சிறுவர் எவரும் மறப்பதில்லை. இன்று பல பேராலயங்கள் நீண்ட சங்கீதங்களைச் சுருக்கிப் பாடுகின்றன.

சங்கீதங்கள் ஆங்கிலிக்கன் சான்ட் என்னும் முறையில் பாடப்படுகின்றன. வசனத்தின் பெரும்பகுதி ஒரே சுரத்தில் நிற்க, முடிவில் மட்டும் சுரங்கள் மாறும். நான்கு குரல்களும் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிக்கும். இதற்குத் தாளக்கட்டு கிடையாது, சொல்லின் ஓட்டமே காலத்தைத் தீர்மானிக்கும். தாளமின்றி விருத்தம் பாடும்போது சொல் முன்செல்ல இசை பின்தொடர்வதைப் போன்றது இது. ஆனால் விருத்தத்தைப் பாடுபவர் ஒருவர். இங்கோ இருபதுக்கும் மேற்பட்டோர் ஒரே மூச்சில் நிறுத்தி ஒரே மூச்சில் தொடங்க வேண்டும். இதற்குச் சைகை மட்டும் போதாது. நாள்தோறும் சேர்ந்து பாடிப் பழகினால்தான் இது கைகூடும்.

பாடல் நின்ற ஆண்டுகள்

1630 முதல் 1633 வரை அருகிலுள்ள பெமர்ட்டனில் குருவாக இருந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட், வாரத்துக்கு இருமுறை சாலிஸ்பரிக்கு நடந்துவந்து பேராலய இசையைக் கேட்டார் என்று அவரது வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் குறிப்பிடுகிறார். அக்காலத்தில் இங்கு ஆர்கன் வாசித்தவர் கைல்ஸ் டாம்கின்ஸ். இவர் 1629இல் பொறுப்பேற்றார்.

அடுத்த பத்தாண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஆடம்பர வழிபாட்டை எதிர்த்த பியூரிட்டன்களின் செல்வாக்கு நாடாளுமன்றத்தில் ஓங்கியது. 1644இல் தேவாலய ஆர்கன்களை அகற்ற ஆணை பிறந்தது. 1645இல் பொது ஜெபப் புத்தகம் விலக்கப்பட்டது. 1649இல் பேராலய நிர்வாகங்களே கலைக்கப்பட்டன. நாடெங்கும் பேராலயப் பாடற்குழுக்கள் கலைந்தன.

1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் திரும்பியபோது பழைய வழிபாடு மீண்டது. முதியவரான டாம்கின்ஸ் தம் பணிக்குத் திரும்பி 1668இல் இறக்கும்வரை தொடர்ந்தார். பெரியவர்களின் குரலும் நினைவும் எஞ்சியிருந்தன, பயிற்சி பெற்ற சிறுவர்கள்தான் எங்கும் இல்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்குக் கற்றுத்தர யாருமில்லை. இலண்டனில் அரசரின் சிற்றாலயத்திலேயே ஓராண்டுக்கும் மேலாக உச்சக் குரல் பகுதியை கார்னெட் என்னும் ஊதுகருவிகளாலும் ஆண்களின் பொய்க்குரலாலும் நிரப்ப வேண்டியிருந்தது. அச்சிற்றாலயத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட சிறுவர்களுள் ஒருவரான மைக்கேல் வைஸ், டாம்கின்சுக்குப் பின் 1668இல் சாலிஸ்பரியின் ஆர்கன் கலைஞரானார். அறுந்த இழை இவ்வாறு மீண்டும் முடிச்சிடப்பட்டது.

ஆர்கன்

மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அளித்த ஆர்கன் 1792 முதல் பேராலயத்தில் இருந்தது. இப்போது அது நகரின் புனித தோமா ஆலயத்தில் உள்ளது. அதன் இடத்தில் ஹென்றி வில்லிஸ் 1877இல் அமைத்த ஆர்கனே இன்றும் ஒலிக்கிறது. 1916 முதல் 1947 வரை ஆர்கன் கலைஞராக இருந்த வால்ட்டர் ஆல்காக், 1930களில் அக்கருவி பழுதுபார்க்கப்பட்டபோது அதன் தொனியை மாற்ற இடம்தரவில்லை. அவருக்குப் பின் வந்தவர் டேவிட் வில்காக்ஸ். இவர் பின்னாளில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடற்குழுவை வழிநடத்திப் புகழ்பெற்றார்.

சிறுமியர் பாடற்குழு

பல நூற்றாண்டுகளாகப் பேராலயங்களில் உச்சக் குரல் என்றால் சிறுவர் குரல் என்றே பொருள். அதற்கு முன் சில ஆலயங்களில் சிறுமியர் பாடியதுண்டு. ஆயினும் சிறுவர்களுக்கு உள்ள அதே பயிற்சியும் கல்வி உதவியும் அன்றாட வழிபாட்டில் பங்கும் அவர்களுக்குத் தரப்பட்டதில்லை. 1968 முதல் 1997 வரை சாலிஸ்பரியின் இசைத் தலைவராக இருந்த ரிச்சர்ட் சீல், தனி நிதியுடன் கூடிய சிறுமியர் குழுவை உருவாக்கினார். 1991 அக்டோபரில் அக்குழு தன் முதல் ஆராதனையைப் பாடியது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. சிறுமியர் சேர்ந்தால் சிறுவர்கள் பாட முன்வரமாட்டார்கள், கிடைக்கும் நிதி இரண்டாகப் பிரியும், சிறுவர் குரலுக்கே உரிய தொனி மறைந்துவிடும் என்பவை எதிர்ப்பாளரின் வாதங்கள். 1996இல் மரபான ஆண் பாடற்குழுவைக் காக்க ஓர் இயக்கமும் தொடங்கப்பட்டது. கடவுளைப் புகழும் பணியில் பாதிப் பிள்ளைகளுக்குக் கதவடைப்பது முறையன்று என்பது ஆதரவாளரின் விடை.

தொனி பற்றிய வாதம் ஆய்வுக்கும் உட்பட்டது. வெல்ஸ் பேராலயத்தின் சிறுவர் குழுவையும் சிறுமியர் குழுவையும் பதிவுசெய்து, எது எவர் குரல் எனக் கேட்போரிடம் வினவினர் ஆய்வாளர்கள். கேட்டவர்களால் ஓரளவே சரியாகக் கூற முடிந்தது. அதுவும் பாடப்பட்ட பகுதிக்கு ஏற்ப மாறுபட்டது. குரலின் தன்மையில் பயிற்சிக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை இது உணர்த்தியது.

சாலிஸ்பரியில் இரு குழுக்களும் தனித்தனியாகவே இயங்குகின்றன. வார ஆராதனைகளைப் பகிர்ந்து கொள்கின்றன. பெருவிழாக்களில் சேர்ந்து பாடுகின்றன. வாரம் முழுவதும் ஒரே குழு பாட வேண்டிய சுமையும் இதனால் குறைந்தது. தொடர்ந்து பல பேராலயங்கள் இவ்வழியைப் பின்பற்றின. கேன்டர்பரியில் சிறுமியர் குழு 2014இல் பாடத் தொடங்கியது. இலண்டன் புனித பவுல் பேராலயம் சிறுமியரைச் சேர்க்கும் முடிவை 2022இல் அறிவித்தது. இங்கிலாந்துப் பேராலயங்களில் பாடும் சிறுமியரின் எண்ணிக்கை 2019இல் முதன்முறையாகச் சிறுவர் எண்ணிக்கையைச் சற்றே கடந்தது.

விழாக்களும் வழக்கங்களும்

கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் நடைபெறும் 'இருளிலிருந்து ஒளிக்கு' என்னும் பவனி சாலிஸ்பரியில் புகழ்பெற்றது. முழு இருளில் மேற்கு வாயிலருகே ஒற்றை மெழுகுவர்த்தி ஏற்றப்படும். குழு பாடியபடி கிழக்கு நோக்கி நகர நகர, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகுவர்த்திகள் ஒளிர்ந்து பேராலயம் வெளிச்சமாகும்.

சாலிஸ்பரி, வின்செஸ்டர், சிசெஸ்டர் ஆகிய மூன்று பேராலயங்களின் குழுக்கள் முறைவைத்து நடத்தும் தென்பகுதிப் பேராலயங்கள் விழா 1904இல் தொடங்கி, 1960இல் புத்துயிர் பெற்றது. அமெரிக்க இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனின் 'சிசெஸ்டர் சங்கீதங்கள்' 1965ஆம் ஆண்டு விழாவுக்காக எழுதப்பட்டதே.

புதிய சிறுவனின் தலையைக் கல் ஒன்றில் மெல்ல மோதிக் குழுவில் சேர்த்துக்கொள்வது சாலிஸ்பரியின் பழைய வழக்கங்களுள் ஒன்று.

இன்றைய நிலை

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பொது வழிபாடு நிறுத்தப்பட்டபோது பேராலயம் மீண்டும் மௌனமானது. 2021 சனவரியில் பேராலயம் தடுப்பூசி மையமானபோது, ஊசி போட்டுக்கொள்ள வந்த முதியோருக்காக ஆர்கன் இசைக்கப்பட்டது. பின்னர் பாடற்குழுக்களும் திரும்பின.

பயிற்சிக்கும் கல்வி உதவிக்குமான செலவு, தேவாலயம் செல்வோர் எண்ணிக்கை குறைதல், முன்பைவிட இளவயதிலேயே சிறுவர்களின் குரல் உடைதல் ஆகியன இம்மரபு இன்று எதிர்கொள்ளும் சிக்கல்கள். இவற்றுள் கடைசியானது பயிற்சி தரும் காலத்தையே சுருக்குகிறது. எட்டு வயதில் சேரும் பிள்ளை மரபைக் கற்று, தனக்குப் பின் வருவோருக்குக் காட்டிக்கொடுக்க நான்கைந்து ஆண்டுகளே உள்ளன. புதியவர் அனுபவமுள்ளவரின் பக்கத்தில் நின்று, அவரைப் பார்த்தும் கேட்டும் கற்பதே இன்றும் இங்குள்ள முறையாகும்.